காவிரிக் காட்டுப் பள்ளத்தாக்கில் டென்ட்டில் தங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிவனசமுத்திரத்தில் அருவியாக விழுந்த காவிரி அங்கிருந்து ஒகேனக்கல் வரும் வரை இரண்டு பக்கமும் காட்டு மலைகளுக்கு நடுவிலேயே ஓடுகிறது. அந்தக் கரையில் ஒன்றிரண்டு இரவு தங்க நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: டென்ட்டின் படத்தைப் பார்த்துத் தேதி குறிக்காதீர்கள், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துக் குறியுங்கள்.

அங்கே தங்குவதற்கு என்னென்ன இடங்கள் இருக்கின்றன?

கர்நாடக அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்டு ரிசார்ட்ஸ் நடத்தும் மூன்று முகாம்கள்தான் முக்கியமானவை. ஆற்றின் போக்கில் மேலிருந்து கீழாகச் சொன்னால் தொட்டமாகளி, பீமேஸ்வரி, காளிபோரே. மூன்றும் காவிரி வனவிலங்கு சரணாலயப் பகுதிக்குள், ஆற்றை ஒட்டியே இருக்கின்றன. இந்தச் சரணாலயம் 1987இல் அறிவிக்கப்பட்டது, பின்னால் விரிவுபடுத்தி இப்போது 1,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் பக்கத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளில் 2014இல் காவிரி வடக்கு சரணாலயமும் 2022இல் காவிரி தெற்கு சரணாலயமும் வந்துவிட்டன. அதனால் ஆறு மாநில எல்லையைத் தாண்டினாலும் காடு அறுபடாமல் தொடர்கிறது, யானைக்கு அந்த எல்லை தெரியவும் வேண்டாம்.

பீமேஸ்வரியில் கூட்டமும் விளையாட்டுகளும் அதிகம். அமைதி வேண்டும், பறவை பார்க்க வேண்டும் என்றால் காளிபோரே. தொட்டமாகளி இன்னும் ஒதுக்குப்புறம். முதல்முறை குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் காளிபோரேயைத்தான் சொல்வேன்.

எந்த மாதம் நல்லது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. மழை ஓய்ந்திருக்கும், காடு பச்சை மாறாமல் இருக்கும், ராத்திரியில் ஒரு ஸ்வெட்டர் போட்டால் போதும் என்கிற அளவுக்குக் குளிர், ஆறும் பெரும்பாலும் தன் அளவுக்குள் ஓடும். வலசை வரும் பறவைகளும் அப்போதுதான் இருக்கும்.

மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் வெயில் கொளுத்தும். இது இலையுதிர் காடு, முட்புதர்க்காடு. மேற்குத்தொடர்ச்சி மலை மாதிரி குளுகுளு என்று இருக்கும் என எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். மதியம் கேன்வாஸ் கூரைக்குக் கீழே படுக்கவே முடியாது. ஆனால் விலங்கு பார்க்க இதைவிட நல்ல காலம் கிடையாது, ஏனென்றால் உள்காட்டுக் குட்டைகள் வற்றிப்போய் யானை, கடமான், புள்ளிமான் எல்லாம் தண்ணீருக்கு ஆற்றைத் தேடி வரும், மரங்களிலும் இலை குறைந்திருப்பதால் தூரத்தில் நிற்பதும் கண்ணில் படும். வெயில் தாங்குபவர்கள் தாராளமாகப் போகலாம். சின்னக் குழந்தையை மட்டும் கூட்டிப்போக வேண்டாம். காட்டுத்தீ அபாயமும் அந்த மாதங்களில்தான்.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரைக்கும் விஷயம் வேறு. பள்ளத்தாக்கில் ஒரு சொட்டு மழைகூட விழாமல், வானம் தெளிவாக இருக்கும்போதே ஆறு கரைபுரண்டு வரலாம். மழை பெய்வது குடகிலும் வயநாட்டிலும். அங்கே கொட்டும் மழை கிருஷ்ணராஜ சாகரையும் கபினியையும் நிரப்பி, அணை நிறைந்ததும் திறந்துவிடப்பட்டு இங்கே வருகிறது. 2018, 2019 இரண்டு ஆகஸ்டுகளிலும் இப்படித்தான் வெள்ளம் வந்தது, ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டார்கள். இந்தக் காலத்தில் முகாமில் பரிசலை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் முகாமையே மூடிவிடுவார்கள். வேறு வழியே இல்லாமல் ஜூலை, ஆகஸ்டில் பதிவு செய்கிறீர்கள் என்றால், ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்ப வரும் என்பதை முதலில் படித்துவிடுங்கள்.

தண்ணீர் அளவை வீட்டிலிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?

தமிழ்ப் பத்திரிகை படிப்பவர்களுக்கு இது சுலபம். "ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி" என்று மழைக்காலத்தில் தினமும் போடுகிறார்களே, அது நீங்கள் தங்கப்போகும் கரையைக் கடந்து வந்த தண்ணீர்தான். எல்லையில் பிலிகுண்டுலுவில் அளக்கும் கணக்கும் அதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், முகாம்கள் பிலிகுண்டுலுவுக்கு மேலே இருக்கின்றன. அதாவது அந்தச் செய்தி வரும்போது வெள்ளம் முகாமைத் தாண்டிவிட்டிருக்கும். ஆகவே பார்க்க வேண்டியது கிருஷ்ணராஜ சாகரிலும் கபினியிலும் திறந்துவிடும் அளவை. கிருஷ்ணராஜ சாகரின் முழு நீர்மட்டம் 124.8 அடி; மட்டம் அதை நெருங்கி, குடகில் மழையும் தொடர்கிறது என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் முகாமுக்கே போன் செய்து "ஆற்றில் தண்ணீர் எப்படி, பரிசல் ஓடுகிறதா?" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

சொந்த டென்ட்டைக் கொண்டுபோய் ஆற்றங்கரையில் போடலாமா?

கூடாது. சரணாலயத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், இரவு தங்குவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தமிழ்நாட்டுக் கரையிலும் இதே நிலைதான். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்தபின் நம் வனத்துறை இந்த விஷயத்தில் ரொம்பவே கண்டிப்பாக இருக்கிறது. "யாரும் பார்க்க மாட்டார்கள், ஒரு ராத்திரிதானே" என்று சொல்லும் நண்பரோடு போகாதீர்கள்.

தனியார் 'ரிவர்சைடு கேம்பிங்' விளம்பரங்களை நம்பலாமா?

எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சரணாலய எல்லைக்கு வெளியே, தோட்டத்துக்குள் முறையாக உரிமம் வாங்கி நடத்துபவர்கள் இருக்கிறார்கள். காட்டின் ஓரத்தில் நாலு டென்ட்டை அடித்துவிட்டு ஆன்லைனில் விற்பவர்களும் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் காட்டை ஒட்டிய ஒரு தனியார் விடுதியில் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. யானை வரும் வழியில் மெல்லிய துணி ஒன்றுக்குள் ஆளைப் படுக்க வைப்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று அதற்குப் பிறகும் பலருக்கு உறைக்கவில்லை.

பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்: இடம் யாருடைய பட்டா நிலம்? தங்குமிடம் நடத்த உரிமம் இருக்கிறதா? சுற்றிலும் அகழியோ மின்வேலியோ உண்டா? டென்ட்டிலிருந்து கழிப்பறை எத்தனை அடி தூரம், ராத்திரி அந்த வழியில் விளக்கு எரியுமா? இரவில் விழித்திருக்கும் காவலாள் உண்டா? தண்ணீர் ஏறினால் எங்கே நகர்த்துவார்கள்? இவற்றில் ஒன்றுக்கு "அதெல்லாம் பிரச்சினை இல்லை சார்" என்று பதில் வந்தாலே போதும், அந்த இடத்தை விட்டுவிடலாம்.

கிளாம்பிங் என்று போட்டிருக்கிறார்களே, உண்மையில் என்ன கிடைக்கும்?

மேடை போட்டு அதன்மேல் கட்டிய பெரிய கேன்வாஸ் கூடாரம். உள்ளே கட்டில், மெத்தை, மின்விசிறி, பின்பக்கம் ஒட்டியே குளியலறை, முன்பக்கம் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்க ஒரு திண்ணை. தரையில் படுக்க முடியாத அப்பா அம்மாவுக்கு இது சரியான ஏற்பாடு. குளிர்சாதனம், தொலைக்காட்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள், மின்சாரமும் அவ்வப்போது போகும். கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள்; சாப்பாடு, பரிசல், காட்டு நடை போன்றவை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும், வார இறுதியில் விலை கூடும். தலைக்குக் கணக்கு என்பதால் நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குச் செலவு கொஞ்சம் கனமாகவே தெரியும், முன்கூட்டியே கூட்டிப் பாருங்கள்.

வெளியே போகும்போது ஜிப்பை முழுக்க இழுத்து மூடுங்கள். குரங்குகள் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்காக உள்ளே புகுந்து எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுவிடும்.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். முகாமின் ஆள் ஒருவர் கூடவே வந்து, "இந்த இடத்தில், முழங்கால் அளவு வரை" என்று காட்டினால் ஒழிய இறங்காதீர்கள்.

இந்தக் கரையில் கூட்டம் சேரும் இடங்களான முத்தத்தியிலும் சங்கமத்திலும் ஒவ்வொரு வருடமும் ஆட்கள் மூழ்கிச் சாகிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களில் நீச்சல் தெரிந்தவர்களும் உண்டு. மேலே பார்த்தால் தண்ணீர் அமைதியாக நகரும். அடியில் மணல் கிடையாது, பாறை. பல்லாயிரம் ஆண்டுகளாகக் கற்கள் சுழன்று சுழன்று அந்தப் பாறையை உரல் போலக் குடைந்து வைத்திருக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருப்பவர் அடுத்த அடியில் ஆளை முழுங்கும் பள்ளத்துக்குள் போய்விடுவார், அங்கே நீர் சுழலும், பாறையிடுக்கில் கால் மாட்டினால் நீச்சல் உதவாது. இது போதாதென்று முதலைகளும் இருக்கின்றன. பாறைமேல் வெயில் காய்வதைப் பரிசலிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதே ஆற்றில்தான் நீங்கள் குளிக்க நினைக்கிறீர்கள்.

சங்கமத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் உண்டு. அங்கே காவிரியில் வந்து சேரும் அர்க்காவதி பெங்களூரின் கழிவுநீரைச் சுமந்து வருகிறது. காளிபோரே அதற்கு மேலே இருப்பதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. சங்கமத்துக்குக் கீழே அந்தத் தண்ணீர் வாயில் படுவதையும் தவிர்க்க வேண்டும்.

பாறையில் நின்று செல்ஃபி எடுப்பதும் குளிப்பதற்குச் சமமான ஆபத்துதான். மேகேதாட்டுவில் ஆறு ஒரு குறுகிய பாறைப் பிளவுக்குள் நெருக்கிக்கொண்டு ஓடுகிறது, அங்கே வழுக்கி விழுந்தவரைக் காப்பாற்ற யாராலும் முடியாது. சாராயம் குடித்துவிட்டு ஆற்றோரம் போகும் ஆள் உங்கள் குழுவில் இருந்தால் கூச்சப்படாமல் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

பரிசல் பாதுகாப்பானதா?

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, பழகிய பரிசல்காரரோடு, தண்ணீர் குறைவான காலத்தில் போனால் பயமில்லை. மூங்கில் பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றித் தார் பூசிய வட்டப் பரிசல், எஞ்சின் சத்தம் இல்லாததால் பறவைகள் பறந்து ஓடாது. இந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் காலை ஆறரை ஏழு மணிக்குப் பரிசல் ஏறுங்கள். எழுந்து நிற்காதீர்கள், ஒரே பக்கம் சாயாதீர்கள், ஜாக்கெட்டின் கொக்கிகள் எல்லாவற்றையும் மாட்டுங்கள். சுற்றிவிடச் சொல்லிப் பரிசல்காரரை வற்புறுத்த வேண்டாம்.

என்னென்ன பார்க்கலாம்? புலி வருமா?

புலியை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கரையோரம் நெடிதுயர்ந்து நிற்கும் நீர்மருது மரங்களை அண்ணாந்து பாருங்கள். கிளைக்குக் கிளை தாவும் சாம்பல் மலை அணில் அங்கே இருக்கிறது. ஸ்ரீவில்லிப்புத்தூரில் 1988இல் சரணாலயம் அமைத்தது இந்த அணிலுக்காகத்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. அடர்ந்த ஆற்றோர மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தால்தான் இதற்குப் பிழைப்பு, நடுவில் நாலு மரத்தை வெட்டினாலும் அதன் பாதை அறுந்துபோகும்.

அப்புறம் நீர்நாய்கள். குடும்பம் குடும்பமாக மீன் பிடிக்கும், கரையில் புரளும், கத்திக்கொண்டே நீந்தும். குளிர்காலத்தில் விராலடிப்பான் கழுகு தண்ணீரில் பாய்ந்து மீனைக் கவ்வுவதைப் பார்க்கலாம். மீன்கொத்திகளும் ஆற்று ஆலாக்களும் சொல்லாமலே கண்ணில் படும்.

மீன் பிடிக்க முடியுமா? முன்பு ஃபிஷிங் கேம்ப் என்றுதானே சொல்வார்கள்?

இப்போது முடியாது. ஒரு காலத்தில் மஹ்சீர் மீனுக்காக உலகம் முழுவதிலுமிருந்து தூண்டில்காரர்கள் இங்கே வந்தார்கள், பிடித்து எடைபோட்டு ஆற்றிலேயே திரும்ப விட்டுவிடுவார்கள். சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவது நிறுத்தப்பட்டபின் முகாம்கள் இயற்கை முகாம்களாக மாறின.

காவிரியின் கூன்முதுகு மஹ்சீர் சாதாரண மீன் இல்லை. 1946இல் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. இவ்வளவு பெயர் பெற்ற மீனுக்குச் சரியான அறிவியல் பெயர் 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு அது மிக அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. அணைகள், மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன் பிடித்தல் எல்லாம் காரணம். நல்லெண்ணத்தோடு வேறு இன மஹ்சீர் குஞ்சுகளைப் பண்ணையில் வளர்த்து காவிரியில் விட்டதும் ஒரு காரணம், அவை பெருகி இதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. தூண்டில் முகாம்கள் இருந்தவரை ஆற்றுக்கு இரவும் பகலும் காவல் இருந்தது, அது போனதால் திருட்டு வேட்டை கூடியது என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. உங்களால் செய்ய முடிந்தது, எவராவது "மஹ்சீர் வறுவல் இருக்கிறது" என்று ரகசியமாகச் சொன்னால் வாங்காமல் இருப்பது.

ராத்திரி யானை வந்தால்?

வரும். கிளை முறியும் சத்தம் கேட்டால் டென்ட்டுக்குள்ளேயே இருங்கள், டார்ச் அடிக்காதீர்கள், படம் எடுக்க வெளியே வராதீர்கள். பழம், பலகாரம், உப்புப் பண்டம் எதையும் டென்ட்டில் வைக்காமல் சமையலறைக் கட்டிடத்திலோ பூட்டிய காரிலோ வையுங்கள். இரவு உணவு முடிந்து டென்ட்டுக்குத் திரும்பும்போது தனியாக நடக்காமல் முகாம் ஆளைக் கூப்பிடுங்கள். ஐம்பது அடி தூரம்தானே என்று நினைக்க வேண்டாம்.

பாம்பு, பூச்சிகள்?

நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் இந்த மாதிரிக் காட்டில் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும், தூங்குபவரைக் கடித்தாலும் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலை வயிற்றுவலி, இமை கீழே இறங்குதல் என்றால் உடனே கிளம்ப வேண்டும். அதனால்தான் தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள், ஜிப்பை மூடுங்கள், காலையில் ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறோம். கடித்தால் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு ஓடுங்கள். 108 இரண்டு மாநிலத்திலும் வேலை செய்யும், ஆனால் காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் உள்ளே வருவதைவிட முகாமின் ஜீப்பில் கனகபுராவோ மளவள்ளியோ நோக்கிப் போவதே வேகமாக இருக்கலாம்.

அட்டை அவ்வளவாக இல்லை. உண்ணி உண்டு. புல்லில் உட்கார்ந்து எழுந்தால் குளிக்கும்போது உடம்பைத் தேடிப் பாருங்கள். திரும்பி வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், காட்டில் தங்கினேன் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக்காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரைகளிலேயே குணமாகிவிடும்.

எப்படிப் போவது?

பெங்களூரிலிருந்து கனகபுரா வழியாக சுமார் 100 கிலோமீட்டர். சென்னை, சேலம் பக்கமிருந்து வருபவர்கள் ஓசூர் வந்து ஆனேக்கல், கனகபுரா என்று போனால் பெங்களூர் நெரிசலில் மாட்ட வேண்டியதில்லை. கோவையிலிருந்து சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர், கொள்ளேகால், மளவள்ளி. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு, பகலிலேயே கடந்துவிடுங்கள். ஈரோடு, மேட்டூர்க்காரர்களுக்கு பாலாறு, மாதேஸ்வரன் மலை வழி பிடிக்கும்.

கடைசிச் சில கிலோமீட்டர் மண்பாதை, தாழ்ந்த காருக்குச் சிரமம். கனகபுராவிலோ மளவள்ளியிலோ டேங்க்கை நிரப்பி, வரைபடத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே சிக்னல் இல்லை என்றே வைத்துக்கொண்டு வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். இருட்டுமுன் முகாமுக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

சாப்பாடு? கேம்ப் ஃபயர், பாட்டு எல்லாம் உண்டா?

சைவம், அசைவம் இரண்டும் இருக்கும். ராகி முத்தே என்று போடுவது நம் தருமபுரிக் களிதான், சூடாகக் கிடைத்தால் விடாதீர்கள். தீ மூட்டுவது முகாம் ஒதுக்கிய குழியில் மட்டும், கோடையில் அதுவும் வேண்டாம். ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ராத்திரி மீன் ஆந்தை கூப்பிடுவதும் புள்ளிமான் எச்சரிக்கைக் குரல் கொடுப்பதும் ஆற்றின் இரைச்சலும் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வருகிறோம்.

பையில் என்னென்ன?

தலையில் மாட்டும் டார்ச், மூடிய ஷூ, முழுக்கை சட்டை, மங்கலான நிறத்தில் உடை, கொசு மருந்து, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஒரு நாளைக்குக் கூடுதலாக, தண்ணீர் பாட்டில், இருந்தால் பைனாகுலர். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடைந்த சில்லு யானையின் காலில் ஏறினால் அது மெல்ல மெல்லத்தான் சாகும். கொண்டுபோன பிளாஸ்டிக் எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

மேகேதாட்டு அணை வந்தால் இந்த இடமெல்லாம் என்னாகும்?

கர்நாடகம் திட்டமிட்டிருக்கும் அணை 67 டி.எம்.சி. கொள்ளளவு கொண்டது. கட்டினால் சுமார் 5,000 ஹெக்டேர் மூழ்கும், அதில் பெரும்பகுதி சரணாலயக் காடு. சங்கமமும் முத்தத்தியும் அதற்குள் வருகின்றன. தண்ணீர்ப் பங்கீட்டு வழக்கு பற்றி ஆயிரம் பேர் பேசுகிறார்கள். அந்த நீர்மருது மரங்களைப் பற்றியும் அணிலைப் பற்றியும் நீர்நாயைப் பற்றியும் இரண்டு மாநிலத்திலும் பேசுபவர்கள் குறைவு. போய்ப் பார்த்தவர்களாவது பேச வேண்டும்.

ஒரு ராத்திரி போதுமா?

இரண்டு வேண்டும். ஒரு ராத்திரி என்றால் மதியம் போய்ச் சேர்ந்து மறுநாள் காலை பத்து பதினொரு மணிக்கெல்லாம் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும், ஒரே ஒரு விடியல்தான் கிடைக்கும், அதில் மூடுபனியோ தூறலோ இருந்தால் அதுவும் போச்சு. விடுமுறை கிடைத்தால் செவ்வாய், புதன் மாதிரி வாரநாளில் போங்கள், கூட்டம் இருக்காது, கட்டணமும் குறையும். திரும்பும் வழியில் சிவனசமுத்திரத்தில் ககனசுக்கி, பரசுக்கி அருவிகளைப் பார்த்துவிடலாம். 1902லேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் அனுப்பிய நீர்மின் நிலையமும் அங்கேதான். ஆனால் நவம்பருக்குப் பிறகு நாள் ஆக ஆக அருவி மெலிந்துகொண்டே போகும், எனவே இரண்டும் நன்றாக அமைய வேண்டும் என்றால் நவம்பர் தொடக்கத்தில் ஒரு தேதி பாருங்கள்.